கலாவுக்கு இங்கே வேலை கிடையாது

எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி ‘மாயா’ அருள்பிரகாசத்தின் இரண்டாவது ஆல்பத்தின் பெயர் ‘கலா’. 2007 ஆகஸ்டில் வெளியானது, மொத்தம் 12 பாட்டு. 2005இல் வந்த முதல் ஆல்பத்துக்கு ‘அருளர்’ என்று அப்பாவின் இயக்கப் பெயரை வைத்தவர், இரண்டாவதற்கு அம்மாவின் பெயரை வைத்தார். அப்பா ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். வீட்டில் இருந்த நாட்கள் குறைவு. அம்மா, மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு யாழ்ப்பாணம், சென்னை, மறுபடி யாழ்ப்பாணம், 1986இல் லண்டன் என்று அலைந்து, தையல் வேலை பார்த்து அவர்களை ஆளாக்கியவர்.

‘அருளர்’ வந்தபோது எழுதியவர்கள் அப்பாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். போராளியின் மகள் என்ற தலைப்பு அவர்களுக்குத் தயாராகக் கிடைத்துவிட்டது. ‘கலா’ வந்தபோது அம்மாவின் பெயர் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நேராகத் துப்பாக்கிச் சத்தத்துக்குப் போய்விட்டார்கள். தையல் மெஷினை வைத்து என்ன எழுதுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் ஒரு பெண் எப்படி வேலைக்கும் போய், பிள்ளைகளுக்குச் சோறும் போட்டு, அவர்களுக்கு உலகத்தையும் சொல்லிக் கொடுப்பது என்பதுதான் இந்த ஆல்பத்தின் கேள்வி என்று மாயாவே அப்போது பேட்டிகளில் விளக்கியிருந்தார்.

நான் அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்த ஆல்பத்தைக் கேட்கிறேன். கேட்கும் இடம் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம். இங்கே ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் மூன்று வருடம் லைனில் நின்றவள் நான். இந்த ஆல்பம் எனக்கு வந்து சேர்ந்ததே 2019இல்தான், சுங்குவார்சத்திரத்தில் மூன்று பேராக ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தபோது. நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது இயர்போனை ஆளுக்கொரு காதாகப் பங்கு போட்டுக்கொண்டு கேட்போம். ஷிப்ட் நேரத்தில் போன் லாக்கரில் கிடக்கும். நாள் முழுக்கப் போனுக்குள் போகிற பாகத்தைக் கையால் தொடலாம், சொந்தப் போனைத் தொடக் கூடாது.

ஆல்பம் உருவான கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் டிம்பலாண்ட் என்ற பெரிய தயாரிப்பாளரோடு சேர்ந்து செய்வதாக இருந்த ஆல்பம் இது. 2006இல் மாயாவுக்கு அமெரிக்க விசா கிடைக்கவில்லை. அதனால் இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, ஆஸ்திரேலியா, லைபீரியா, ஜப்பான் என்று போன இடமெல்லாம் சத்தம் சேகரித்தார். சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மானின் ஸ்டுடியோவில் உறுமி மேளம் பதிவானது. ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ ஆகிய இரண்டு பாட்டிலும் நாம் கேட்பது அந்த உறுமிதான். அதே 2006இன் தொடக்கத்தில்தான் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சீருடை போட்டு பஸ் ஏறினார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு காரியம்தான். ஆனால் முறை ஒன்று. பல தேசத்தில் செய்த பாகங்களைக் கொண்டுவந்து ஒரு மேசையில் வைத்துப் பூட்டுவது. கடைசியில் அதன் மேல் ஒரு பெயர் இருக்கும், பூட்டிய கைகளின் பெயர் இருக்காது. இந்த வேலையைச் செய்தவள் என்பதால், ஆல்பத்தைக் கேட்கும்போது எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்று தேடாமல் இருக்க எனக்கு முடிவதில்லை.

அப்படித் தேடியதில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அதைச் சொல்லுமுன் தமிழ் சினிமாவின் தையல் மெஷினைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

நம் படங்களில் தையல் மெஷின் என்பது ஒரு சாமி மாதிரி. புருஷன் இல்லாத அம்மா, மூலையில் ஒரு மெஷின், கால் மிதிக்க மிதிக்கப் பையன் வளர்ந்து கதாநாயகன் ஆகிவிடுவான். பிறகு அம்மாவைக் கோயிலாக்கி ஒரு பாட்டுப் பாடுவான். அந்த அம்மாவுக்குக் கூலி எவ்வளவு, துணி யார் கொடுத்தது, முதுகுவலிக்கு என்ன செய்தாள் என்று எந்தப் படமும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. மெஷின் ஓடும் சத்தம்கூட இரண்டு நொடியில் வயலினுக்குள் அமுங்கிவிடும். அம்மாவின் உழைப்பை அம்மாவின் தியாகமாக மாற்றிக் கொடுக்கிற வேலையை நம் அம்மா பாட்டுகள் பிரமாதமாகச் செய்திருக்கின்றன.

‘கலா’வில் அப்படி ஒரு பாட்டு கிடையாது. அம்மா பெயர் வைத்த ஆல்பத்தில் அம்மாவைப் போற்றி ஒரு பாட்டு இல்லை. தாலாட்டு இல்லை, கண்ணீர் இல்லை. முதல் தடவை கேட்டபோது இது ஏமாற்றமாக இருந்தது என்று என் அறைத்தோழி ஒருத்தி சொன்னாள். எனக்கு அதுதான் பிடித்தது. 

இப்போது நான் கண்ட விஷயம். ஆல்பத்தின் முதல் பாட்டான ‘பாம்பூ பாங்கா’வுக்குள் இளையராஜாவின் ‘காட்டுக்குயிலு’ இருக்கிறது. 1991இல் வந்த ‘தளபதி’ படப் பாட்டு, எஸ்.பி.பி.யும் யேசுதாசும் பாடியது. இரண்டு ஆண்களின் நட்பைக் கொண்டாடும் பாட்டுதான். ஆனால் படமோ, கல்யாணமாகாமல் பிள்ளை பெற்ற ஒரு சின்னப் பெண், குழந்தையை கூட்ஸ் ரயிலில் விட்டுவிட்டு வாழ்நாள் முழுக்க அந்த ரயில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பற்றியது. நான்காவது பாட்டு ‘ஜிம்மி’, 1982இல் வந்த ‘டிஸ்கோ டான்சர்’ படப் பாட்டின் மறுவடிவம். பப்பி லஹிரி இசையில் பார்வதி கான் பாடியது. மாயா சின்ன வயதில் விருந்துகளில் ஆடிய பாட்டாம். அந்தப் படத்தில் இந்தப் பாட்டு எங்கே வருகிறது? மகனுக்காக மின்சாரம் பாய்ச்சி வைத்த கித்தாரைத் தாய் தொட்டுச் செத்துப்போகிறாள். அதன்பிறகு மேடையில் நின்று பாட முடியாமல் தவிப்பவனைத் திரும்பப் பாட வைக்க ஒரு பெண் அழைக்கும் பாட்டு அது. பதினோராவது ‘பேப்பர் பிளேன்ஸ்’. அதன் அடியில் ஓடுவது தி கிளாஷ் என்ற இங்கிலாந்துக் குழுவின் ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’, அதுவும் 1982தான். வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுப்போன பிள்ளைகளும், அவர்களை வைத்துக்கொண்டு நிற்கும் தாய்மாரும் வருகிற பாட்டு.

ஆக, பிள்ளையைக் கைவிட்ட தாய், பிள்ளைக்காகச் செத்த தாய், அப்பன் ஓடிப்போன பிள்ளையின் தாய் என்று மூன்று பேர் இந்த ஆல்பத்தின் அடித்தளத்தில் இருக்கிறார்கள். மாயா யோசித்துத்தான் இவற்றை எடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. தாளம் பிடித்திருக்கும், எடுத்திருப்பார். ஆனால் எடுத்துவிட்டு அவற்றிலிருந்த அழுகையை முழுக்கத் துடைத்துவிட்டார். ‘ஜிம்மி’யில் அந்த மெட்டு இப்போது, இனப்படுகொலை நடந்த ஊர்களைச் சுற்றிப்பார்க்க வா என்று கூப்பிட்ட ஒரு ஆணை நக்கல் செய்யும் பாட்டு. கல்லறையில் வைத்த பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே கிளம்புகிற மாதிரி இருக்கிறது. தாய் இங்கே சாவதில்லை, சீக்கிரம் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூரில் இருந்து கேட்பதால் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. இந்த ஊரின் பெயரை உலகம் முதலில் கேட்டது போன் கம்பெனிகளால் அல்ல. 1991 மே 21 இரவு இங்கேதான் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார், ஈழத்துப் பெண் ஒருத்தி உடம்பில் கட்டிவந்த குண்டால். நினைவிடம் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. அதைத் தாண்டித்தான் ஷிப்ட் பஸ்கள் போகும், தூங்கி வழியும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அந்த இரவுக்குப் பிறகு ஈழப்பெண் என்றால் தமிழ்நாட்டுக்கு இரண்டே படங்கள்தான். ஒன்று குண்டு கட்டியவள், மற்றது முகாமில் கையேந்தி நிற்பவள். ஒருத்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டும், அடுத்தவளைப் பார்த்து இரக்கப்பட வேண்டும். மேற்கத்திய விமர்சகர்களும் மாயாவை இந்த இரண்டுக்குள்தான் தள்ளிப் பார்த்தார்கள். தீவிரவாதத்தை அழகாக்குகிறாள் என்றார்கள், இல்லையென்றால் பாவம் அகதி என்றார்கள். ‘கலா’ மூன்றாவது ஒருத்தியைக் கொண்டுவருகிறது. அவள் கூலிக்காரி. விசாவுக்கு அலைபவள், வாடகை கட்டுபவள், மாதக் கடைசியில் எண்ணிப் பார்ப்பவள். இவளைப் பார்த்துப் பயப்படவும் முடியாது, இரக்கப்படவும் முடியாது. இவளோடு கணக்குப் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கு ஒலியாகவே கேட்கிற இடம் ‘பேப்பர் பிளேன்ஸ்’. 2008இல் ஒரு அமெரிக்கப் படத்தின் முன்னோட்டத்தில் வந்தபிறகு பில்போர்டு பட்டியலில் 4ஆம் இடம்வரை ஏறியது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்திலும் வந்ததால் நம் ஊர்க் காதுகளுக்கும் பழகியது. அதன் கோரஸைப் பிள்ளைகள் பாடுகிறார்கள். ஒவ்வொரு வரியும் பாதிதான் சொல், மீதி சத்தம். துப்பாக்கி சுடும் ஓசை, அதைத் திரும்ப இழுக்கும் ஓசை, கடைசியில் கல்லாப்பெட்டி திறக்கும் ‘டிங்’. எம்.டி.வி.யும் டேவிட் லெட்டர்மேன் நிகழ்ச்சியும் அந்தத் துப்பாக்கிச் சத்தத்தைச் சகிக்காமல் மாற்றிப் போட்டன. கல்லாப்பெட்டி சத்தம் யாரையும் உறுத்தவில்லை.

எங்கள் அறையில் இதே பாட்டை வைத்தபோது நடந்தது நேர் எதிர். துப்பாக்கிச் சத்தத்துக்கு ஒருத்தியும் அசையவில்லை, சினிமாவில் கேட்டுக் கேட்டுப் புளித்த சத்தம். கல்லாப்பெட்டிக்குத்தான் சிரித்தார்கள். கள்ளக்குறிச்சிக்காரி, “பஞ்ச் மெஷின் மாதிரியே இருக்குடி” என்றாள். வாசலில் அடையாள அட்டையைக் காட்டினால் எழும் ஓசை அது. அந்த ஓசை எழுந்த நிமிடத்திலிருந்துதான் கூலி. அதற்கு முன்னால் பஸ்ஸில் போன ஒன்றேகால் மணி நேரத்துக்கு எந்த ஓசையும் கிடையாது, கூலியும் கிடையாது. வந்தேறிகள் உங்கள் பணத்தைப் பிடுங்க வருகிறார்கள் என்ற பயத்தைக் கிண்டலடிக்கும் பாட்டு என்று இதை உலகம் புரிந்துகொண்டது, சரிதான். ஆனால் எங்கள் காதில் அது தலைகீழாக விழுந்தது. யார் யாரிடமிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்கிற பாட்டாக.

‘20 டாலர்’ பாட்டையும் இப்படித்தான் கேட்டேன். ஆப்பிரிக்காவில் ஒரு ஏ.கே.47 துப்பாக்கி 20 டாலருக்குக் கிடைக்கிறது என்பதுதான் தலைப்பு. நல்ல பாட்டு என்று சொல்ல மாட்டேன், நடுவில் தொய்ந்துவிடுகிறது. ஆனால் தலைப்பு விடாது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி 250 பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். 159 பேர் மருத்துவமனையில். சேர்ந்து வேலை பார்த்தவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாத நிலையில், செத்துப்போய்விட்டார்கள் என்ற வதந்தியும் பரவ, பெண்கள் இரவோடு இரவாகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அறைகளில் தரையில் படுக்க வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. ஆப்பிள் நிறுவனம் ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. அப்போது ராய்ட்டர்ஸ் எழுதிய கணக்குப்படி அந்தப் பெண்களின் மாதச் சம்பளம் சுமார் 10,500 ரூபாய், 140 டாலர். அதாவது மாயாவின் கணக்கில் ஏழு துப்பாக்கி. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் அதிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். சாலையில் உட்கார்ந்த பெண்களிடம் ஒரு குச்சிகூட இல்லை. ஆனாலும் போலீஸ் பிடித்து வைத்திருந்தவர்களில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இந்தப் பெண்கள்.

இனி குறைகள். பெண்ணியவாதி என்பதற்காக ஒரு பெண்ணின் ஆல்பத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மாயாவின் பிற்காலப் பேச்சுகள், தடுப்பூசி பற்றியதெல்லாம், எனக்கு ஒப்பில்லை. ஆனால் அது தனிக் கதை, ஆல்பத்துக்குள்ளேயே சண்டை போட நிறைய இருக்கிறது.

முதலில் உறுமி. ‘பேர்ட் ஃப்ளூ’ அபாரமான பாட்டு. கோழி கத்துகிறது, பிள்ளைகள் கூச்சல் போடுகிறார்கள், வளைந்த குச்சியால் தோலை உரசும்போது எழும் அந்த முனகல் வயிற்றுக்குள் போகிறது. அதற்குள் ‘ஜெயம்’ படத்தின் திருவிழாப் பாட்டும் கலந்திருக்கிறது. எங்கள் அறையில் இதை வைத்து ஒரு சண்டையே நடந்தது. செய்யாற்றுக்காரி இது சாவு மேளம் என்றாள், கள்ளக்குறிச்சிக்காரி இல்லை, கூழ் ஊற்றும்போது அடிப்பது என்றாள். இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது ஒன்று, இதை யார் அடிப்பார்கள், அவர்கள் ஊரின் எந்தப் பக்கம் இருப்பார்கள் என்பது. சாவுக்கு அடிக்கக் கூப்பிடுவார்கள், கல்யாணத்தில் பந்தியில் உட்கார வைக்க மாட்டார்கள். ஆல்பத்தில் இது ஏழை நாடுகளின் துடிப்பு என்று ஒரே சாயமாகிவிடுகிறது. லண்டன் வரை போன உறுமிக்கு ஊருக்குள் நுழைய வழியில்லை என்ற சேதி லண்டன் போய்ச் சேரவில்லை. மாயா ஆஸ்திரேலியப் பழங்குடிப் பையன்களுக்கு ‘மேங்கோ பிக்கிள் டவுன் ரிவர்’ பாட்டில் அவர்கள் குழுவின் பெயரோடு, அவர்கள் வாயாலேயே பேச இடம் கொடுத்தார். உறுமிக்காரர்களுக்கு அவர் கொடுத்தது தாளத்தை மட்டும்.

இரண்டாவது இன்னும் பெரிய குறை. கலா எங்கே? கல்லாப்பெட்டி இருக்கிறது, கோழி இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது, தையல் மெஷின் சத்தம் இல்லை. உலகத்தின் அத்தனை ஓசையையும் பிடித்து வந்தவருக்கு வீட்டில் ராத்திரி முழுக்க ஓடிய மெஷின் ஓசை ஞாபகம் வரவில்லையா? அம்மா குரலில் ஒரு வார்த்தை, திட்டியாவது, போட்டிருக்கலாம். அம்மா பாட்டு வேண்டாம் என்று முடிவெடுத்தது சரி. அம்மாவைக் கோயிலாக்கக் கூடாது என்பதற்காக அவரை வெறும் பெயர்ப்பலகை ஆக்கிவிடலாமா? 

‘பாய்ஸ்’ பாட்டை நான் மன்னித்துவிட்டேன். ஆண்களைக் கும்பலாக ஆடவிட்டு, எத்தனை பேர் இப்படி, எத்தனை பேர் அப்படி என்று தலையெண்ணும் பாட்டு. பெண்களைத்தான் வழக்கமாக எண்ணுவார்கள், இங்கே எண்ணுகிறவள் பெண். லைனில் எங்களை எண்ணிக்கொண்டே நடக்கும் லைன் லீடரை நாங்கள் திருப்பி எண்ணுவதுபோல ஒரு சந்தோஷம் அதில் உண்டு. மன்னிக்க முடியாதது கடைசிப் பாட்டு, ‘கம் அரவுண்ட்’. விசா கிடைக்காததால் நின்றுபோன டிம்பலாண்ட் கூட்டணியில் மிஞ்சியது இது. அதில் அவர் ராப் செய்வது ஒரு பெண்ணைத் தனியாக வரச்சொல்லி விடும் பழைய தூண்டில். பதினொரு பாட்டு முழுக்க எந்த ஆணுக்கும் தலையாட்டாத ஒருத்தி, பன்னிரண்டாவதில் ஒரு பெரிய மனிதர் தன்னிடம் வழிவதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். ஆல்பம் ‘பேப்பர் பிளேன்ஸ்’ஸோடு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு நான் நிறுத்திவிடுவேன்.

ஆல்பம் வந்த சமயத்தில் நடந்த ஒரு விஷயம், பாட்டுகளுக்கு வெளியே இருந்தாலும், இதில் சேரும். ஆல்பத்தைப் பெரும்பாலும் மாயாவும் ஸ்விட்ச் என்ற தயாரிப்பாளரும் சேர்ந்து செய்திருந்தார்கள். டிப்லோ என்ற அமெரிக்கத் தயாரிப்பாளரின் கை சில பாட்டில்தான். ஆனாலும் பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எல்லாவற்றுக்கும் டிப்லோதான் மூளை என்று எழுதின. 2007இல் பிட்ச்ஃபோர்க் பேட்டியில் மாயா அதை உடைத்துப் பேசினார். முதல் ஆல்பத்தையும் அந்த ஆள் செய்யவில்லை, இதையும் அவர் செய்யவில்லை என்று. அடுத்த ஆண்டு பியோர்க் என்ற ஐஸ்லாந்துப் பாடகியும் தனக்கு நடந்ததைச் சொல்லும்போது மாயாவின் இந்தச் சண்டையைத்தான் உதாரணம் காட்டினார். பெண் பாடுவாள், எழுதுவாள், ஆடுவாள், அதையெல்லாம் ஒத்துக்கொள்வார்கள். மெஷினை இயக்கியவள் அவள் என்றால் மட்டும் நம்ப மாட்டார்கள். இது எனக்கு நன்றாகப் புரியும். எங்கள் ஆலையில் டெஸ்டிங் மெஷின் நின்றால் எங்கே தட்டினால் ஓடும் என்று எங்களுக்குத் தெரியும். ரிப்போர்ட்டில் பழுதுபார்த்தவர் என்ற கட்டத்தில் எழுதுவது டெக்னீஷியன் பையனின் பெயர்.

மறுபடியும் அம்மாவிடம் வருகிறேன். 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் லைன் வேலைக்குக் கல்யாணமான பெண்களைத் திட்டமிட்டுத் தவிர்த்திருக்கிறார்கள் என்று. குடும்பப் பொறுப்பு, பிரசவம், லீவு என்பவை காரணங்கள். மெட்டியும் தாலியும் உலோகம் என்பதால் உற்பத்திக்கு இடைஞ்சல் என்பது இன்னொரு காரணம். ஃபாக்ஸ்கான் மறுத்தது, புதிதாக எடுத்தவர்களில் கால்வாசிப் பேர் கல்யாணமானவர்கள் என்றது. அந்த ஆண்டு கடைசியில் வேலை விளம்பரங்களில் திருமணம், வயது பற்றிப் போடக் கூடாது என்று ஏஜென்சிகளுக்குச் சொல்லப்பட்டதாகவும் செய்தி வந்தது. செய்தியைப் படித்து இந்தப் பக்கத்துப் பெண்கள் யாரும் அதிர்ச்சியடையவில்லை. ஒரு ஆலையின் பெயரைச் சொல்லிவிட்டார்களே என்றுதான் ஆச்சரியப்பட்டார்கள். கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்போதே “அப்ப எப்ப ரிசைன் பண்ற?” என்று கேட்பது இங்கே வாழ்த்து மாதிரி. 

2017 சட்டத் திருத்தப்படி பிரசவ விடுப்பு 26 வாரம். 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவளுக்கு அந்தப் பணத்தையும் ஈ.எஸ்.ஐ.தான் கொடுக்கும். ஆலைக்குக் கையை விட்டுப் போவது காசு அல்ல. லைனில் 26 வாரம் ஒரு ஜோடிக் கை. அவ்வளவுக்கே இந்தக் கணக்கு.

2009 பிப்ரவரி 8, கிராமி விருது மேடை. ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டிலிருந்து எடுத்த மாயாவின் குரலை வைத்துச் செய்த ‘ஸ்வாகா லைக் அஸ்’ பாட்டுக்கு ஜே-இசட், கான்யே வெஸ்ட், லில் வெய்ன், டி.ஐ. என்று நான்கு பெரிய ஆண் ராப்பர்கள் கோட்டு சூட்டில் நிற்கிறார்கள். நடுவில் நிறைமாத வயிற்றோடு, வயிறு தெரியும் உடையில் மாயா. அன்றுதான் டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி. ஆடுகிறார், பாடுகிறார். மூன்று நாளில் குழந்தை பிறந்தது. இந்தக் காணொளியை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று தெரியாது. ‘கலா’ ஆல்பத்துக்குள் வராத கலா இங்கேதான் வருகிறார் என்று தோன்றும், வயிற்றைத் தள்ளிக்கொண்டு வேலைக்கு வந்தவராக. ஆனால் உடனே இன்னொன்றும் தோன்றும். அந்த மேடை மாயாவுக்காகக் காத்திருக்கும், ஏனென்றால் அந்தக் குரலுக்கு மாற்று ஆள் கிடையாது. லைனில் எனக்கு மாற்றாக நாளைக் காலை பஸ்ஸில் ஒருத்தி வருவாள், சாயங்காலத்துக்குள் என் வேகத்தைப் பிடித்துவிடுவாள். உலகத்து ஏழைப் பெண்களின் குரலாக மாயாவை எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை அழித்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள். 

2015இல் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் ‘கொடைக்கானல் வோன்ட்’ என்று ஒரு ராப் செய்தார். பாதரச ஆலையில் உடம்பு கெட்ட தொழிலாளர்களுக்காக யூனிலீவரைப் பெயர் சொல்லிக் கேட்ட பாட்டு. அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. பல வருடம் தொழிலாளர்கள் போராடியதுதான் காரணம், பாட்டு ஒரு தள்ளு தள்ளியது. இசையாக அது ‘கலா’வின் பக்கத்தில் நிற்காது, மெட்டும் அமெரிக்காவிலிருந்து எடுத்தது. ஆனால் அதில் ஆலைக்கு முகவரி இருந்தது. ‘கலா’வுக்குள் எல்லா ஊரும் இருக்கிறது, எந்த முகவரியும் இல்லை. இதே ரோட்டை வைத்து, முகவரியோடு, உறுமியோடு, ஒரு பெண் ஒரு ஆல்பம் போட்டால் எப்படி இருக்கும் என்று நானும் என் தோழிகளும் பேசிக்கொள்வோம். தலைப்புக்குத்தான் எப்போதும் சண்டை வரும், யார் அம்மா பெயரை வைப்பது என்று.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக அரசு கட்டிய பெரிய விடுதி திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கலாம். தரையில் படுத்த 2021ஐ நினைத்தால் கட்டில் என்பது சின்ன விஷயமில்லை, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அது விடுதி, வீடு அல்ல. மூன்று பிள்ளைகளோடு ஒரு கலா வந்து நின்றால் எந்த மாடிக்கு அனுப்புவார்கள்?

இது சாவு மேளம் என்று சண்டை போட்ட செய்யாற்றுக்காரிக்கு 2022இல் கல்யாணம் ஆனது. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். இப்போது ஒரு பெண் குழந்தை. வீட்டிலேயே நைட்டி தைக்கிறாள், உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி, வெட்டிய துணியைக் கட்டாகக் கட்டி வாரத்துக்கு இரண்டு முறை கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறார்கள். போன மாதம் பேசினோம். மோட்டார் வைத்த மெஷின் வாங்கியிருக்கிறாளாம், அதனால் பாட்டு வைத்தால் கேட்பதில்லை என்றாள். ‘பேர்ட் ஃப்ளூ’ மட்டும் கேட்கிறதாம்.